தொட்டிலுக்கு ஒரு பங்கு



நாம் வியாபாரிகள். வருடம் முடிந்தால் சரக்கை எண்ணுகிறோம். கொடுக்கல் வாங்கலைச் சரி பார்க்கிறோம். இலாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று ஐந்தொகை போடுகிறோம். அதே போல, தருமத்திற்காக நாம் கொடுத்த பணத்துக்கும் ஓர் ஐந்தொகை போட்டுப் பார்த்தால் என்ன? பள்ளிவாசல் கட்டடத்துக்கு இவ்வளவு, மதரஸாவுக்கு இவ்வளவு, நோன்புக் கஞ்சிக்கு இவ்வளவு, மையித்துச் செலவுக்கு இவ்வளவு, பெரிய ஆப்பரேஷனுக்கு உதவி கேட்டு வந்தவருக்கு இவ்வளவு என்று பல பத்திகள் நிரம்பும். இவை யாவும் நல்ல செலவுகளே. ஒன்றையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு எவ்வளவு, ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி எழுதினால், அந்தப் பத்தி பல இடங்களில் வெறுமையாகவே நிற்கும்.

அது நம் கல்நெஞ்சத்தால் அன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தை கடை வாசலுக்கு வந்து கை நீட்டுவதில்லை. கேட்டவருக்குக் கொடுத்துப் பழகிய நமக்கு, கேட்கத் தெரியாதவரைத் தேடிப் போய்க் கொடுக்கும் பழக்கம் குறைவு. ஆனால் தருமப் பணம் மிக அதிகமான பலனைத் தரும் இடம் அந்தத் தொட்டிலே என்பதை இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

கலீபா உமர் (ரலி) மாற்றிய சட்டம்

வியாபாரக் கூட்டம் ஒன்று மதீனா நகருக்கு வந்து வெளித்திடலில் இறங்கியிருந்தது. கலீபா உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு, வந்த வியாபாரிகளின் சரக்குகளைத் திருடர் கொள்ளாதவாறு இரவெல்லாம் காவல் இருந்தார்கள். அப்பொழுது ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. குழந்தையைக் கவனிக்குமாறு தாயிடம் கூறிவிட்டுத் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை. மறுபடியும் சென்று கூறினார்கள். விடியும் நேரத்தில் மூன்றாம் முறையாகவும் அழுகை கேட்கவே, காரணம் என்னவென்று விசாரித்தார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அந்தத் தாய், பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் பொது நிதியிலிருந்து மானியம் தருகிறார், ஆதலால் இந்தப் பிள்ளைக்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்கிறேன் என்று பதில் சொன்னாள்.

அன்று காலை சுபுஹுத் தொழுகையில் கலீபா அவர்கள் ஓதியது பின்னின்றவர்களுக்கு விளங்காத அளவுக்கு அழுகை மேலிட்டது. தொழுகை முடிந்ததும், இனிப் பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலிருந்தே மானியம் உண்டு, பால் மறக்கடிப்பதில் யாரும் அவசரப்படக்கூடாது என்று பறைசாற்றச் செய்து, மாகாணங்களுக்கும் எழுதி அனுப்பினார்கள் என்பது வரலாறு.

இதிலுள்ள நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பைத்துல்மாலில் பணம் இல்லாமல் இல்லை. கொடுக்கும் மனமும் இல்லாமல் இல்லை. கொடுக்கும் காலம் பிந்திவிட்டது, அவ்வளவே. காலம் பிந்திய அந்த விதியே ஒரு சிசுவின் வாயிலிருந்து பாலைப் பறித்தது. ஆகவே எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே, எப்பொழுது கொடுக்கிறோம் என்பதும் தருமத்தின் ஒரு பகுதியாகும்.

ஆயிரம் நாட்கள்

தாயின் வயிற்றில் கரு தங்கிய நாள் முதல், பிள்ளை இரண்டு வயதை முடிக்கும் வரை, ஏறக்குறைய ஆயிரம் நாட்கள். வயிற்றில் 270, வெளியில் 730. இந்த ஆயிரம் நாட்களில்தான் மூளை மிக விரைவாக வளர்கிறது. எலும்பும் உயரமும் நோயைத் தாங்கும் சக்தியும் அஸ்திவாரம் போடப்படுகின்றன. இந்தக் காலத்தில் போஷாக்குக் குறைந்த பிள்ளை வயதுக்குத் தக்க உயரம் வளராமல் குன்றிப் போகிறது. பின்னால் எவ்வளவு ஊட்டினாலும், இழந்ததில் பெரும் பங்கு திரும்புவதில்லை. குர்ஆன் ஷரீபில் அல்பகரா சூராவில், தாய்மார் பாலூட்டும் காலம் இரண்டு முழு ஆண்டுகள் என்று குறிக்கப்பட்டிருப்பதை நாம் மதரஸாவில் ஓதியவர்களே. இன்றைய வைத்திய சாஸ்திரமும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற ஆகாரத்துடன் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்றே சொல்கிறது.

இதன் இலாபக் கணக்கைப் பார்ப்போம். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற தேசத்தில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு கிராமங்களின் பிள்ளைகளுக்குச் சத்துள்ள ஒரு கஞ்சி. மற்ற இரண்டு கிராமங்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தில்லாத இனிப்புப் பானம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பின் தேடிப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் சத்துக் கஞ்சி குடித்த ஆண்பிள்ளைகள், பெரியவர்களானபோது ஒரு மணி நேர உழைப்புக்குப் பெற்ற கூலி, மற்றவர்களைவிட 46 சதவிகிதம் அதிகமாக இருந்ததென 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மூன்று வயதுக்குப் பிறகு அதே கஞ்சியைக் குடிக்கத் தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. கஞ்சி ஒன்றுதான், காலம்தான் வேறு. எந்த முதலுக்கு இத்தகைய இலாபம் கிடைக்கும் என்று வியாபாரிகளாகிய நாமே சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் பக்கத்து நிலை

கோப்பெங் ஈயத்தால் பேர் பெற்ற ஊர். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். இங்கிருந்து பத்து காஜாவுக்குப் போகிற சாலையில் கெல்லி ஸ்மித் என்ற தோட்டத் துரை கட்டத் தொடங்கி முடிக்காமல் போன மாளிகையை யாவரும் அறிவோம். அந்த வேலை நடந்த காலத்தில் விஷக் காய்ச்சல் பரவித் தமிழ்த் தொழிலாளர் பலர் மடிந்தனர். தொழிலாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் துரை அங்கே கோயில் கட்டிக் கொடுத்தார் என்பர். அன்றைய தோட்டங்களில் நோயும் சிசு மரணமும் எவ்வளவு மலிந்திருந்தன என்பதற்கு அக்கோயிலும் ஒரு சாட்சி.

பிறகு சட்டங்கள் வந்தன. தோட்ட முதலாளி லயம் கட்ட வேண்டும், மருந்துக்கு வழி செய்ய வேண்டும், தாய்மார் பால்மரம் வெட்டப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை வைக்க வேண்டும் என்று விதிகள் ஏற்பட்டன. ஆயாக் கொட்டகையில் குறைகள் பல இருந்தன. ஆயினும் பிள்ளையை ஒப்படைக்க ஓர் இடம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் டிரெஸ்ஸர் இருந்தார். இவை யாவும் வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த வசதிகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபோது வேலையும் போயிற்று, லயமும் போயிற்று, ஆயாக் கொட்டகையும் அவற்றோடு போயிற்று. 1985 ஆம் ஆண்டு ஈய விலை விழுந்தபோது ஈயலம்பங்களை நம்பியிருந்த குடும்பங்களுக்கும் இதே கதிதான். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம் மலிவு விலை வீட்டில் குடியேறுகிறது. தாய் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கோ, சாப்பாட்டுக் கடை வேலைக்கோ போகிறாள். கைப்பிள்ளை அண்டை வீட்டில் கிடக்கிறது. அங்கே அதற்கு என்ன ஊட்டுகிறார்கள் என்பது தாய்க்கும் சரியாகத் தெரிவதில்லை.

தேசம் முன்னேறவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1957 ஆம் ஆண்டில் மலாயாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபத்தைந்துக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அந்தத் தொகை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமந்தோறும் தாய் சேய் நல நிலையங்கள் திறந்து, மிஸ்ஸிகள் வீடு தேடி வந்ததன் பலன் அது. ஆனால் உயிர் பிழைப்பது வேறு, நன்றாக வளர்வது வேறு. சுகாதார அமைச்சு 2022 ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 சதவிகிதம் வயதுக்குத் தக்க உயரம் இல்லாதவை. அதாவது ஐந்தில் ஒன்று. யூனிசெப் ஸ்தாபனம் கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்கு வீடுகளில் எடுத்து 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கிலும் 22 சதவிகிதப் பிள்ளைகள் இப்படிக் குன்றியிருந்தன. உயர்ந்த கட்டடங்களின் நிழலிலேயே இந்த நிலை.

சமமாகக் கொடுப்பதும் நீதியாகக் கொடுப்பதும்

அரசாங்க கிளினிக்கில் பிரஜைகள் ஒரு வெள்ளி கொடுத்து வைத்தியம் பார்க்கலாம். குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் இலவசம். போஷாக்குக் குறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உணவுக் கூடை கொடுக்கும் திட்டமும் 1989 முதல் நடந்து வருகிறது. அப்படியிருக்க நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வைத்தியத்துக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் அந்த ஒரு வெள்ளி வைத்தியத்துக்குப் போய் வர பஸ்ஸோ வாடகைக் காரோ வேண்டும். நாட்கூலிக்காரத் தாய்க்கு அன்றைய கூலி போகும். மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மலாய் மொழிப் பாரத்தை நிரப்பத் தெரிய வேண்டும். பிறப்புப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். கடைத்தெருவில் குடியிருக்கும் நமக்குக் கோப்பெங் கிளினிக் நடந்து போகிற தூரம். உலு கெரோவில் வாழும் செமாய் பூர்வகுடித் தாய்க்கோ, தோட்டத்து ஓரத்தில் எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கோ அதே கிளினிக் அரை நாள் பிரயாணமாகிவிடுகிறது. கதவு எல்லாருக்கும் ஒன்று போல் திறந்திருக்கிறது. ஆனால் கதவு வரை வந்து சேரும் செலவு எல்லாருக்கும் ஒன்றல்ல. அரசாங்கத் திட்டம் நிற்கும் இடத்துக்கும் தாய் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரத்தை நிரப்புவதுதான் நம் தருமப் பணத்தின் வேலை.

முற்காலத்து முஸ்லிம்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். மிஸ்ர் தேசத்தில் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284 ஆம் ஆண்டில் கட்டிய ஆஸ்பத்திரிக்கு வக்புச் சொத்துக்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அத்தகைய ஆஸ்பத்திரிகளில், சுகமாகி வீடு திரும்பும் ஏழைக்கு உடனே வேலைக்கு ஓட வேண்டாதபடி கையில் பணமும் கொடுத்தனுப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மருந்து மட்டும் போதாது, இழந்த கூலியும் நோயின் செலவே என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். டமாஸ்கஸ் கோட்டை வாசலில் சுல்தான் சலாஹுத்தீன், கைப்பிள்ளைத் தாய்மாருக்காக ஒரு குழாயில் பாலும் மற்றொன்றில் சர்க்கரைத் தண்ணீரும் வாரம் இரண்டு நாட்கள் கிடைக்க வக்பு செய்திருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. தொட்டிலுக்கு வக்பு என்பது நாம் இன்று கண்டுபிடித்த புதுமை அன்று.

தராசு சொல்லும் சேதி

யாருக்குத் தேவை என்று எப்படி அறிவது? இதற்கும் நமக்குப் பழக்கமான கருவி ஒன்றே போதும். அதுதான் தராசு.

தமிழ்நாட்டில் 1980 ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நம்மில் பலருடைய பூர்வீகமான மதுரை, இராமநாதபுரம் பகுதிக் கிராமங்களும் அதில் அடங்கும். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்று வைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லையோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் குறைந்தது 90 நாட்கள் சத்து உருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கும் எடைக் கோட்டைக் காட்டி விளக்குவார்கள். கடுமையான போஷாக்குக் குறைவு அக்கிராமங்களில் கணிசமாகக் குறைந்தது. 1982 ஜூலை மாதம் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பேர் பெற்ற அளவுக்கு இது பேர் பெறவில்லை. ஆனால் சங்கங்களுக்கு இதில் பெரிய படிப்பினை இருக்கிறது. குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு, சரியான பிள்ளையைச் சரியான மாதத்தில் கண்டுபிடித்து உதவினால் பலன் உண்டு.

நம் ஊரில் எடை போடும் வேலையை கிளினிக் மிஸ்ஸிகளே செய்கிறார்கள். எடையைப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் குறித்தும் தருகிறார்கள். நாம் செய்ய வேண்டியது அந்தப் புத்தகத்தை மதிக்கக் கற்பது. தாய் தானாக முன்வந்து காட்டினால், கடந்த மூன்று மாதத்து எடையைப் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும். கடன் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கோட்டை வாசிப்பது பெரிய காரியமன்று.

டின் பாலும் நம் கடையும்

பணம் கொடுப்பது ஒரு தருமம் என்றால், விற்கும் பொருளில் நேர்மை மற்றொரு தருமம். 1939 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மாதரசி ஒரு பிரசங்கம் செய்தார். தலைப்பு "பாலும் கொலையும்". இனிப்பிட்ட டின் பாலைச் சிசுக்களுக்கு உகந்த உணவு என்று தவறாகப் பிரசாரம் செய்வதால் குழந்தைகள் மடிகின்றன. இதைக் கொலைக்கு ஒப்பாகவே கருத வேண்டும் என்று பால் வியாபாரிகளும் அமர்ந்திருந்த சபையில் துணிந்து பேசினார். பிரசவ வார்டுகளில் கண்ணால் கண்டதையே அவர் சொன்னார்.

இன்றும் நம் அலமாரியில் இனிப்பிட்ட டின்கள் இருக்கின்றன. 'தே' போடுவதற்கு அவை வேண்டியதுதான். அவற்றில் பல இப்பொழுது பாலும் அன்று. செம்பனை எண்ணெயும் சர்க்கரையும் கலந்த கிரீமர். சிசுக்களுக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கை டின்களில் சிறிய எழுத்தில் காணப்படுகிறது. சிறிய எழுத்தை வாசிக்க முடியாத தாய்மார் உண்டு. மாவுப் பாலின் விலையைக் கேட்டு மலைத்து டின்னை எடுப்பவர்களும் உண்டு. "ஏம்மா, இது கைப்பிள்ளைக்கா? இது பிள்ளைக்கு ஆகாதும்மா, கிளினிக்கில் மிஸ்ஸியைக் கேளுங்கள்" என்று கல்லாவிலிருந்து ஒரு வார்த்தை சொல்வதால் நமக்கு எத்தனை காசு நஷ்டம்? குழந்தை மாவுப் பாலையும் கிரீமரையும் ஒரே தட்டில் அடுக்காமல் தனித்தனியே வைப்பதற்குச் செலவே இல்லை.

அதே போல, ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு விலை உயர்ந்த டப்பா உணவுதான் வேண்டும் என்பதில்லை. முட்டை, பொடித்த நெத்திலி, பருப்பு, முருங்கைக் கீரை, குழைந்த சோறு இவையெல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் நம் வீட்டுப் பெண்கள் அக்கம்பக்கத்தில் சொல்லலாம்.

ஜக்காத்து, சதக்கா, வக்பு

இனிப் பணத்தின் வகைகளைப் பிரித்துக் காண்போம். இவற்றைக் கலந்து குழப்புவதால்தான் பல நல்ல முயற்சிகள் பாதியில் நிற்கின்றன.

ஜக்காத்து கடமை. அது சேர வேண்டிய எட்டு வகையார் குர்ஆனில் குறிப்பிடப்பட்டிருக்கின்றனர். நம் மாநிலத்தில் அதை வசூலிக்கும் அதிகாரம் பேராக் இஸ்லாமிய சமய, மலாய் வழக்க மன்றத்துக்கு உரியது. அங்கு முறையாகச் செலுத்தி ரசீது பெற்றால், தனி நபர் செலுத்தும் ஜக்காத்துத் தொகை அவர் கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படும். கம்பெனியாக இருந்தால் மொத்த வருமானத்தில் 2.5 சதவிகித வரம்புக்குள் கழிவு உண்டு. ஆகவே ஜக்காத்தைச் சங்கப் பெட்டியில் போட வேண்டியதில்லை. சங்கம் செய்ய வேண்டிய உதவி வேறு. ஜக்காத்து பெறத் தகுதியிருந்தும் மனுப் போடத் தெரியாத நம் ஏழைக் குடும்பங்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்து, கூடப் போய் வருவதே அது. இந்திய முஸ்லிம் விதவைகளுள் இப்படித் தகுதியிருந்தும் கேளாமல் இருப்பவர்கள் உண்டு.

வக்பு நிலையானது. முதல் அழியாமல் பலன் மட்டும் செலவாகும். வியாபாரிகளுக்குப் பிடித்தமான தருமம் இது. பினாங்கில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வர்த்தகர் காதர் முகைதீன் அவர்கள் தலைமையில் 1801 ஆம் ஆண்டில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதன் வக்பு நிலமும் நம் முன்னோரின் பெருமை. ஆனால் காலப்போக்கில் வக்புச் சொத்துக்களின் நிர்வாகம் சீர்கெட்டு, 1905 ஆம் ஆண்டில் அரசாங்கமே தனிச் சட்டம் போட்டு வாரியம் அமைக்க நேர்ந்தது. கொடுத்தவர் மனம் பெரிது. கணக்கு வைத்தவர் கை தளர்ந்தால் அந்த மனமும் வீணாகும் என்பது அதன் பாடம். இன்று மாநிலத்து வக்புகளுக்கெல்லாம் மன்றமே பொறுப்பாளர். ஆகவே நாமே ஒரு பெட்டியை வைத்து அதற்கு வக்பு என்று பேர் சூட்டக்கூடாது. நிலமோ கடையோ வக்பு செய்ய விரும்புவோர் மன்றத்தின் வழியாகவே செய்ய வேண்டும். செய்யும் பொழுது தாய் சேய் சுகாதாரத்துக்காக என்று நோக்கத்தைத் தெளிவாக எழுத வேண்டும்.

வக்பினால் வைத்தியம் நடத்த முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஜொகூரில் 1998 முதல் வக்பு அந்நூர் என்ற பேரில் கிளினிக்குகள் ஏற்பட்டு, 5 வெள்ளி என்ற சிறு கட்டணத்தில் இன மத வேறுபாடின்றி வைத்தியம் பார்க்க வழி செய்தார்கள். வருகிறவர் யார் என்று கேளாமல், நோய் என்ன என்று மட்டும் கேட்கிற வக்பு அது.

மூன்றாவது சதக்கா. இது நம் கையில் உள்ளது. சங்கத்தின் மூலம் செய்யத் தக்கது. முஸ்லிமல்லாத அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம் என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. சங்கத்தின் தொட்டில் நிதி இந்த வகையாகவே இருக்கட்டும்.

தொட்டில் நிதி: ஒரு திட்டம்

கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. முப்பது கடைகள் சேர்ந்தால் வருடத்துக்கு 10,950 வெள்ளி. ஒரே சமயத்தில் இருபது தாய்மாரும் குழந்தைகளும் இந்த நிதியில் இருந்தால், ஒருவருக்கு மாதம் 45 வெள்ளிக்குச் சற்று மேல் வரும். பெரிய தொகை அன்று. ஆனால் கிளினிக்குக்குப் போய் வரும் செலவுக்கும், எடை ஏறாத பிள்ளைக்கு முட்டையும் நெத்திலியும் பருப்பும் கொடுப்பதற்கும் இது உதவும்.

இந்தப் பணத்தைச் செலவிடுவதில் சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலாவது, நோக்கம் மாறக்கூடாது. கர்ப்பம் தொடங்கி ஐந்து வயது வரை என்று தீர்மானத்தில் எழுதிவிட்டால், விருந்துக்கோ வேறு விசேஷத்துக்கோ அதிலிருந்து கடனாகக்கூட எடுக்கலாகாது. அது அமானத்து.

இரண்டாவது, அரசாங்கம் கொடுப்பதையே நாமும் கொடுக்க வேண்டாம். ஊசி அங்கே இலவசம். அங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் வேன் வாடகைதான் நம் பொறுப்பு. உணவுக் கூடைக்குத் தகுதியான பிள்ளைக்கு மனுப் போட உதவி, அது வந்து சேரும் வரையுள்ள மாதங்களுக்கு நம் நிதியிலிருந்து கொடுக்கலாம்.

மூன்றாவது, வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குப் பதிவு பெற்ற பராமரிப்பு நிலையத்தில் இடம் பிடித்துக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்கலாம். 1984 ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய நிலையங்கள் சமூக நல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும். பழைய ஆயாக் கொட்டகையின் இடத்தை நிரப்ப இதைவிட வேறு வழி நமக்குத் தெரியவில்லை.

நான்காவது, பேர் வெளியே தெரியக்கூடாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்திருக்க, கூடை கொடுக்கும் பொழுது தாயையும் பிள்ளையையும் நிறுத்திப் படம் பிடிப்பது எப்படித் தகும்? ஒரே ஊரில் வாழ்கிறோம். அந்தப் பிள்ளை நாளைக்கு நம் பிள்ளையோடு ஒரே பள்ளியில் உட்காரும். பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். தாய்மாரிடம் பேசும் பொறுப்பைப் பெண்களிடமே விட்டுவிடுவோம்.

ஐந்தாவது, வரவு செலவு மட்டும் பேர் இல்லாமல் ஒவ்வொரு காலாண்டும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். எத்தனை வெள்ளி வந்தது, எத்தனை பிள்ளைகளுக்குப் போயிற்று, எத்தனை பிள்ளைகளுக்கு எடை ஏறிற்று? இந்த மூன்றாவது எண்தான் முக்கியம். கொடுத்த கூடைகளை எண்ணுவது சரக்கு அனுப்பிய கணக்கு. ஏறிய எடையை எண்ணுவதே இலாபக் கணக்கு.

ஓர் ஆட்சேபணைக்குப் பதில்

மேற்படிப்பு உதவிச் சம்பளத்துக்கே பணம் போதவில்லையே, கைப்பிள்ளைக்கு இப்பொழுது என்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. உதவிச் சம்பளம் வேண்டியதுதான். ஆனால் பதினெட்டு வயதில் அந்தச் சம்பளத்துக்கு மனுப் போடும் பிள்ளைகள் யார்? இரண்டு வயதில் வயிறு நிரம்பி, ஐந்து வயதில் எழுத்தறிந்து, படிப்பில் தேறி வந்தவர்கள். வழியிலேயே தேங்கிவிட்டவர்கள் மனுப் போடுவதில்லை; ஆதலால் அவர்கள் நம் கண்ணில் படுவதும் இல்லை. அமெரிக்கப் பொருளாதார மேதை ஜேம்ஸ் ஹெக்மன், 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர், ஏழைப் பிள்ளைகளுக்காகச் செலவிடும் பணம் எவ்வளவு இளமையில் செலவாகிறதோ அவ்வளவுக்குப் பலன் அதிகம் என்று பல வருட ஆராய்ச்சிக்குப் பின் எழுதியிருக்கிறார். உதவிச் சம்பளத்தைக் குறைக்க நாம் சொல்லவில்லை. அதைப் பெறத் தக்க பிள்ளைகளின் தொகையைப் பெருக்கச் சொல்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமுன் அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடி வருவார்களாக. நம் கடைக்கு வந்து போகும் குடும்பங்களில் கர்ப்பிணிகளும் கைப்பிள்ளைத் தாய்மாரும் எத்தனை பேர்? அவர்களில் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போக முடியாதவர் யார், என்ன தடை? நம் கடையில் வேலை பார்ப்பவரின் மனைவி கர்ப்பமாயிருந்தால், கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நாளில் அவருக்குக் கூலியோடு விடுப்பு உண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல நிதியே வேண்டாம். முதலாளி மனம் வைத்தால் போதும். உதவியை வெளியில் தேடுவதற்கு முன் நம் கூரையின் கீழ் இருப்பவரிடமிருந்து தொடங்குவதே முறை.

நம் பணத்தின் ஒரு பங்கைத் தொட்டிலுக்கு ஒதுக்கும் நல்லெண்ணத்தையும், அதைக் கணக்குத் தவறாமல் நிறைவேற்றும் உறுதியையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.